அப்ரூவர் என்னும் அரசாங்கச் சாட்சி

நீதிமன்றத்தில் வழங்கும் அயன்மொழிச் சொற்களுட் பல, எழுத்தறியா மக்கள் நாவிலும் ஏறித் தமிழ்ச் சொற்களே போல நடமாடுகின்றன. வக்கீல், ஜாமீன், வாரண்டு, அப்பீல் என்பவற்றுக்குப் பொருள் சொல்லவேண்டிய அவசியம் எந்தச் சிற்றூரிலும் இல்லை. அப்ரூவர் என்பதும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. ஆயினும் ஏனைய சொற்களுக்கில்லாத ஒரு குணம் இதற்குண்டு. ‘இன்னான் அப்ரூவர் ஆகிவிட்டான்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் முகத்தை நோக்குக; இகழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அங்குத் தோன்றும்.

சென்ற பருவத்தில் ஓரிரவு எம் விடுதியின் உண்டிச்சாலையில் எழுந்த வாதமொன்றே இக்கட்டுரைக்குக் காரணம். நண்பர் ஒருவர், ‘கூட இருந்தவனைக் காட்டிக்கொடுத்தற்குக் கூலியாக விடுதலை அளிக்கும் சட்டம் அறத்துக்கு மாறானது’ என்றார். மற்றொருவர், ‘இருட்டறையில் நால்வர் கூடிச் செய்த சதியை அந்நால்வரில் ஒருவன் சொல்லாமல் ஐந்தாமவன் எங்ஙனம் அறிவான்?’ என்று கேட்டார். விளக்கணைக்கும் மணி அடிக்குமட்டும் இருவரும் இணங்கிற்றிலர். யாம் சட்டம் பயில்வோமல்லோம், தமிழ் பயில்வோம். எனினும், அவ்விருவர் கூற்றும் ஒருங்கே உண்மையாய் இருத்தல் கூடுமோ என்னும் ஐயம் எம்மை விட்டபாடில்லை. ஆகவே நூலகத்திற் கிடைத்த வழக்கு வரலாறுகளைத் தேடிப் படிக்கலாயினோம். அவற்றுட் கண்டவற்றை, அரசியற் குற்ற வழக்குகளையே சிறப்பாக எடுத்துக்கொண்டு, ஈண்டு உரைப்பாம்.

முதற்கண், அப்ரூவராவான் யாவன் என்பதைத் தெரிந்துகோடல் வேண்டும். ஒரு குற்றத்திற் பிறரோடு தானும் நேராகவோ மறைவாகவோ தொடர்புடையனாய், அகப்பட்டபின், தான் அறிந்தன அனைத்தையும் ஒளியாது உண்மையாகச் சொல்லுவதாக உடன்பட்டு, அவ்வுடன்பாட்டின்பேரில் மன்னிப்புப் பெற்று, எதிரிக் கூண்டினின்றும் இறங்கிச் சாட்சிக் கூண்டில் ஏறுபவனே அப்ரூவர். 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 337-ஆம் பிரிவு இதனை வகுத்தது. 1973-இல் அச்சட்டம் புதுக்கப்பட்டபோது அது 306-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343-ஆம் பிரிவாய் நிற்கின்றது. எண் மாறிற்றேயன்றி உள்ளீடு பெரிதும் மாறவில்லை.

இம்மன்னிப்பு நிபந்தனையுள்ளது என்பதை மறத்தலாகாது. அதனைப் பெற்றவன் உடனே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. முன்னரே ஜாமீனில் இருந்தாலன்றி, வழக்கு முடியுமளவும் சிறையிலேயே இருத்தல் வேண்டும். அவன் யாதேனும் ஒன்றை வேண்டுமென்றே மறைத்தாலோ, பொய் சொன்னாலோ, மன்னிப்பு அற்றுப்போம். பழைய குற்றத்துக்காகவே அவன்மீது வழக்கு நடத்தலாம். அவன் முன்னர்ச் சொல்லிய வாக்குமூலமே அப்பொழுது அவனுக்கு எதிராகச் சான்று கூறும். கழுத்தில் இட்ட கயிற்றைச் சட்டம் தளர்த்துகின்றதேயன்றி அவிழ்த்துவிடுவதில்லை என்னலாம்.

அப்ரூவர் என்னும் பெயரின் வரலாறும் அறியத்தக்கதே. முற்கால இங்கிலாந்தில், தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவன், தன்னோடு கூடிய ஏனையோர் குற்றத்தையும் மெய்ப்பித்துக் காட்டுவதாக முன்வருதல் உண்டு. ‘மெய்ப்பிப்பவன்’ என்பதே அப்பெயரின் பொருள். மெய்ப்பித்தல் எங்ஙனம் என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவன் விரும்பின், அவனோடு மற்போர் செய்தே மெய்ப்பித்தல் வேண்டும்! தோற்றால் அப்ரூவருக்குத் தூக்கு. அக்கொடிய வழக்கம் மறைந்து, மன்னிப்பை எதிர்நோக்கி அரசன் பக்கத்துச் சாட்சியாதல் என்னும் முறை பின்னர் அங்கு நிலைத்தது. அம்முறையே ஆங்கிலேயராற் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. போர் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது.

இனி, அரசியற் குற்றங்களில் இம்முறைக்கு இத்துணை இன்றியமையாமை நேர்ந்தது ஏன் என்பதை ஆராய்வாம். கொள்ளையிலும் கொலையிலும் பொருளோ உடலோ காயமோ சான்றாகக் கிடைக்கும். சதியோ எனின், உடன்பாடு என்னும் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றையே குற்றமாக உடையது. ஆகலின் சதி வழக்குகளில் அரசாங்க வக்கீல் முதலில் தேடுவது உடைந்துபோகக்கூடிய ஓர் உள்ளத்தையே. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மவர் சொல்லுவர். ஆனால் இங்கு முள்ளைத் தெரிந்தெடுப்பவரே காற்புண்ணால் வருந்துபவருமாய் இருக்கின்றனர். ஏனெனில், அரசியற் குற்றத்தில் தீங்கு இழைக்கப்பட்டதும் அரசாங்கம். வழக்குத் தொடுப்பதும் அரசாங்கம். மன்னிப்பு வேண்டுமென்று மன்றைக் கேட்பதும் அரசாங்கம். ஆபத்து இவ்விடத்தே உளது.

திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த வழக்கும் இதற்கு விலக்கன்று. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு மாய்ந்தான். சுட்டவன் இறந்தபின் எஞ்சி நின்றது சதியைப் பற்றிய வினாவே. பதினால்வர்மீது தொடுக்கப்பட்ட அவ்வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் மூவர் கூடி விசாரித்தனர். அதிலும் அப்ரூவராயினார் சாட்சியமே அரசாங்கத் தரப்புக்கு ஊன்றுகோலாயிற்று. நீலகண்ட பிரமசாரிக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவ்வழக்கு நம்மவர் பலரும் கேட்டறிந்ததாகலின் இம்மட்டில் விட்டு, அதற்கு மூன்றாண்டு முன்னர் வங்காளத்தில் நடந்ததை விரித்துரைப்பாம். அப்ரூவர் என்னும் முறையின் வலியும் மெலிவும் அதனுள் விளங்கியது போல் வேறெங்கும் விளங்கவில்லை என்பது எம் கருத்து.

1908 ஏப்ரல் 30-ஆம் நாள் இரவு முஜபர்பூரில் கிங்ஸ்போர்டு என்னும் நீதிபதியின் வண்டியென்று எண்ணிக் குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் ஒரு வண்டியின்மீது வெடிகுண்டு வீசினர். அதனுள் இருந்தவர் ஆங்கில மாதர் இருவர், இருவரும் உயிரிழந்தனர். மே 2-ஆம் நாள் விடியற்காலையிற் போலீசார் கல்கத்தாவின் மாணிக்தலாப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தைச் சோதித்து, பாரீந்திர குமார கோஷ் முதலிய இளைஞரையும் வெடிகுண்டுப் பொருள்களையும் கைப்பற்றினர். அன்றே அவர்தம் தமையனார் அரவிந்த கோஷும் தம் இல்லத்திற் சிறைப்படுத்தப்பட்டார். தோட்டத்து இளைஞருக்கு எதிராகச் சான்றுகள் நிரம்பக் கிடைத்தன. அரவிந்தருக்கு எதிராகவோ, கடிதங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும் ஊகங்களுமே இருந்தன. அரசாங்கத்தார் விரும்பியதோ அவரையே.

அந்நிலையிற் கைதிகளுள் ஒருவனாகிய நரேந்திரநாத கோஸாயி மனம் மாறினான். அவன் ஸ்ரீராம்பூரில் ஒரு செல்வக் குடியிற் பிறந்தவன். சிறைத் துன்பம் அறியாதவன். மன்னிப்பு அளிக்கப்படவே, மாஜிஸ்திரேட்டு பர்லி என்பார் முன்னிலையில் அரவிந்தர் உள்ளிட்ட பலரையும் சதியிற் பிணைத்துச் சாட்சி சொன்னான்.

ஈண்டு அரவிந்தர் தம் சிறை வாழ்க்கையைப் பற்றி வங்க மொழியில் எழுதிய நூலிற் குறிக்கும் செய்தியொன்று சுவையுடையது. கோஸாயி வெளிப்படையாக அப்ரூவர் ஆவதற்கு முன்னரே, உடனிருந்த கைதிகளிடம் நயமாகப் பேசி, பிற மாகாணங்களில் யார் யார் தலைவர் என்று வினவத் தொடங்கினானாம். அவன் கருத்தை உணர்ந்துகொண்ட தோழர்கள், இல்லாத ஆட்களின் பெயர்களைத் தாமே படைத்து அவனுக்குச் சொன்னார்களாம். சென்னையில் உள்ளதாக ஒரு ‘பிள்ளை’யும் அப்பட்டியலில் இருந்தார்! பிறந்தேயிராத அப்பிள்ளைக்கு அஞ்சவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அதே பெயருடைய மெய்யான பிள்ளை ஒருவர் சென்னையில் எங்கேனும் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பின், அவர் நிலை யாதாகும்? அப்ரூவர் சொல்லும் சொல் பொய்யாய் இருத்தற்கு அவன் பொய்யனாய் இருத்தல்கூட வேண்டுவதில்லை. கேட்பவரை மகிழ்விக்கும் ஆவல் ஒன்றே போதும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அலிப்பூர்ச் சிறை மருத்துவமனையில், கன்னையலால் தத்தனும் சத்தியேந்திரநாத போஸும் கோஸாயியைச் சுட்டுக் கொன்றனர். சத்தியேந்திரன் தானும் அப்ரூவராக விரும்புவதாகச் சொல்லி அவனை அங்கு வரவழைத்தான் என்பர். இருவரும் நவம்பரிலே தூக்கிலிடப்பட்டனர். கன்னையலாலின் உடலோடு கல்கத்தா மக்கள் கடலெனத் திரண்டு சென்றனர். அது கண்ட அரசாங்கத்தார் சத்தியேந்திரனின் உடலை வெளியே விடாது சிறைக்குள்ளேயே எரிக்கச் செய்தனர். ஓர் அப்ரூவரைக் கொன்றவர்க்கு மக்கள் காட்டிய அன்பின் அளவே அப்ரூவர்மீது அவர்கள் கொண்ட வெறுப்பின் அளவு. அக்கொலையை யாம் போற்றுகின்றோமல்லோம். கைதி ஒருவன், அவன் யாவனாயினும், சிறைச் சுவருக்குள் காப்பாற்றப்பட வேண்டியவன். எனினும் அக்கொலை வழக்கை என் செய்தது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

செஷன்ஸ் நீதிபதியாக அமர்ந்தவர் பீச்கிராப்டு என்பவர், இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். தேர்வெழுதிய காலத்தில் அரவிந்தரோடு உடனெழுதியவர். அரசாங்கத் தரப்பில் வாதித்தவர், நம் சென்னை வக்கீல்களுள் புகழோங்கி விளங்கிப் பின் கல்கத்தா சென்ற எர்ட்லி நார்ட்டன் துரை. அரவிந்தருக்காக வாதித்தவர் சித்தரஞ்சன தாஸர். கோஸாயி மாண்டுவிட்டான், ஆயினும் மாஜிஸ்திரேட்டு முன் அவன் சொல்லிய சாட்சியம் எழுத்தில் இருந்தது. அதனைச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே வினா. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்கு விடை தந்தது. இறந்துபட்டவன் முன்னொரு விசாரணையிற் சொல்லிய சாட்சியத்தைக் கொள்ளவேண்டுமாயின், அவனைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வாய்ப்பும் எதிரிக்கு அப்போது இருந்திருத்தல் வேண்டும். கோஸாயி குறுக்கு விசாரணைக்கு உட்படாமலே இறந்தான். ஆதலின் அவன் சாட்சியம் முழுதும் தள்ளுண்டது.

1909 மே 6-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. பாரீந்திரருக்கும் உல்லாஸகர தத்தருக்கும் மரண தண்டனை. அது பின்னர் மேல்முறையீட்டில் ஆயுட்காலத் தீவாந்தரமாகக் குறைந்தது. அரவிந்தர் விடுதலை எய்தினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்ததும், 1950-இல் மறையுமளவும் அங்கேயே வாழ்ந்ததும் நாம் அறிந்தன.

கோஸாயியின் வாயை மூடியது துப்பாக்கி; அவன் எழுதி வைத்துப் போனதன் வாயை மூடியதோ சட்டம். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவோர் பலர். அரவிந்தரைக் காப்பாற்றியது கொலையே என்பர் அவர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலம். கோஸாயி உயிரோடிருந்து கூண்டில் ஏறியிருப்பின், இல்லாத பிள்ளையையும் பிறரையும் பற்றித் தாஸர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு முன் அவன் எந்நிலையில் நின்றிருப்பான் என்பதை யார் சொல்ல வல்லார்? குறுக்கு விசாரணை என்பது எதிரிக்கு இடும் பிச்சையன்று. அப்ரூவர் சொல் மெய்யாயின் அது மெய் என்று காட்டுதற்கும் அதுவே கருவி.

அக்கருவி இல்லாவிடத்து நேர்வதை லாகூர்ச் சதி வழக்கிற் காண்கின்றோம். 1928 டிசம்பர் 17-ஆம் நாள் லாகூரில் சாண்டர்ஸ் என்னும் போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டார். ஸ்காட்டு என்னும் மேலதிகாரி வெளிவருங்கால் அடையாளம் காட்டுமாறு நிறுத்தப்பட்டிருந்தவன் ஜெய்கோபால். ஆளைப் பிழைபட உணர்ந்து அடையாளம் காட்டியவனும் அவனே. அவ்வழக்கில் அப்ரூவராய் வந்து பகத்சிங் முதலியோருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களுள் முதன்மையானவனும் அவனே. அவன் கூண்டில் ஏறியபோது எதிரிகளுள் இளையவனாகிய பிரேம்தத்தன் தன் காற்செருப்பைக் கழற்றி அவன்மீது எறிந்தான். அதன் பயனாக எதிரிகள் அனைவர் கைக்கும் விலங்கு பூட்டுமாறு உத்தரவாயிற்று. 1930 மே மாதத்தில் வைஸிராய் ஓர் அவசரச் சட்டத்தால் தனி மன்றம் ஒன்றை நிறுவினார். எதிரிகள் மன்றுக்கு வர மறுத்தனர். அவர்கள் இல்லாமலே விசாரணை நடைபெற்றது. உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் இல்லை. பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் 1931 மார்ச்சு 23-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கின் அப்ரூவர்களுள் மற்றொருவனான பணீந்திரநாத கோஷ் 1932-இல் பேட்டியாவிற் கொல்லப்பட்டான். அவனைக் கொன்ற வைகுண்ட சுக்லர் 1934-இல் தூக்கேறினார். அம்மூவரும் குற்றமற்றவர் என்பது எம் வாதமன்று. தம் செயலை அவர்களே பெரிதும் மறைத்திலர். கூண்டில் நின்று சொல்லப்பட்ட சொல்லை எதிர்நின்று சோதிப்பார் இல்லாத மன்றத்தில் வெளிப்படும் தீர்ப்பு, அது மெய்யே ஆயினும், மெய்யென்று பிறரை நம்புவிக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது என்பதே எம் வாதம்.

குறுக்கு விசாரணையோடு சட்டம் மற்றொரு காப்பையும் வைத்துள்ளது. உடந்தையானவன் சொல், முக்கியமான கூறுகளில் வேறு சான்றால் வலியுறுத்தப்பட்டாலன்றி நம்பத்தக்கதன்று என்று மன்றம் ஊகிக்கலாம் என 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு எடுத்துக்காட்டொன்றாற் கூறிற்று. அதே சட்டத்தின் 133-ஆம் பிரிவோ, துணைச்சான்று இன்மையால் மட்டும் தண்டனை சட்ட விரோதமாகாது என்றது. ஒரே நூலில் ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கியது போன்ற இம்முரண் நெடுங்காலம் வக்கீல்களுக்கு வேலை கொடுத்தது. 1916-இல் இங்கிலாந்தில் பாஸ்கர்வில் என்பவர் வழக்கில், அத்துணைச்சான்று குற்றம் நடந்தது என்பதை மட்டுமன்றி, இன்ன எதிரிக்கு அதிற் பங்குண்டு என்பதையும் காட்டுதல் வேண்டும் என்று முடிவாயிற்று. 1957-இல் நம் உச்சநீதிமன்றம் சர்வன்சிங் என்பவர் வழக்கில் இருவகைச் சோதனையை வகுத்தது: அப்ரூவர் முதலில் தன்னளவில் நம்பத்தக்க சாட்சியாய் இருத்தல் வேண்டும்; பின்னரே அவன் சொல்லுக்குத் துணைச்சான்று தேடவேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 138-ஆம் பிரிவு பழைய வாசகத்தையே மாற்றி, துணைச்சான்று பெற்ற உடந்தையாளன் சொல்லைக் கொண்டு தண்டித்தல் சட்ட விரோதமன்று என்று எழுதிற்று. ஒரு சிறு எதிர்மறை எழுத்து நீங்கியது, பொருளோ தலைகீழாயிற்று.

தமிழ் பயில்வோருக்கு இவ்விடத்துச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராதிராது. மதுரைப் பொற்கொல்லன் அப்ரூவர் அல்லன், அவனே கள்வன். ஆயினும் தன்னைக் காத்துக்கொள்ளப் பிறன்மேற் பழி சுமத்திய ஒருவன் சொல்லை, கோவலனை ஒரு கேள்வியும் கேளாமல், வேறொரு சான்றும் தேடாமல், பாண்டியன் நம்பினான். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் துணைச்சான்று எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது; அதனை உடைத்துப் பார்த்தது கொலைக்குப் பின்னரே.

இனி, மன்னிக்கும் கை எவருடையது என்பதும் ஆராயத்தக்கது. நம் நாட்டில் அரசாங்க வக்கீல் தாமே ஒருவனை மன்னித்துவிட இயலாது. மன்னிப்பை அளிப்பது மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ ஆகும். மாஜிஸ்திரேட்டு அதற்குரிய காரணத்தை எழுதி வைக்கவும் வேண்டும். வழக்கையே திரும்பப் பெறுவதாயினும் மன்றத்தின் இசைவு இன்றியமையாதது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, வழக்குத் தொடுப்பதும் பேரம் பேசுவதும் பெரும்பான்மையும் அரசாங்க வக்கீல்கள் கையிலேயே உள்ளன. அங்குங்கூட, கூட்டாட்சி மன்றங்களில் ஒரு குற்றச்சாட்டைக் கைவிட நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று விதி உண்டு. அவ்விதியின் அருமை 2025-இல் உலகுக்கு விளங்கிற்று.

நியூயார்க்கு நகரத்து அப்போதைய மேயராகிய எரிக் ஆடம்ஸ் என்பவர்மீது 2024 செப்டம்பரில் லஞ்சம் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டன. 2025 பிப்ரவரியில், வாஷிங்டனிலுள்ள நீதி இலாகாத் தலைமையினர் அவ்வழக்கைக் கைவிடுமாறு பணித்தனர். குடியேற்றம் பற்றிய தம் கொள்கைக்கு மேயர் துணைநிற்றலை வழக்குத் தடுக்கின்றது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அவ்வழக்குக்குப் பொறுப்பாய் இருந்த டேனியல் சாஸூன் அம்மையார், இது கொடுக்கல் வாங்கலுக்கு ஒப்பாகும் என்று எழுதி, கட்டளையை நிறைவேற்றாது பதவியைத் துறந்தார். பேரம் ஏதுமில்லை என்று மேயர் தரப்பினரும் இலாகாவினரும் மறுத்தனர். நீதிபதி டேல் ஹோ ஏப்ரல் 2-ஆம் நாள் வழக்கைத் தள்ளினார். ஆனால் இலாகாவினர் கேட்டவாறு, வேண்டும்போது மீண்டும் தொடுக்கலாம் என்னும் உரிமையோடு தள்ளவில்லை. மீண்டும் தொடுக்கவொண்ணாதவாறே தள்ளினார். அவ்வுரிமையை விட்டுவைத்தால், மேயர் ஆட்சியாளர் சொற்படி நடக்கின்றாரா என்பதைப் பொறுத்தே அவர் விடுதலை ஊசலாடும் என்பது அவர் கண்ட நுட்பம். ஈண்டு விலை பேசப்பட்டதாக ஐயுறப்பட்டது சாட்சியமன்று, கீழ்ப்படிதல். அப்ரூவரேனும் ஒரு நாள் கூண்டில் ஏறி எதிர் வக்கீலின் கேள்விக்கு விடை சொல்லவேண்டும். கீழ்ப்படிதலைக் குறுக்கு விசாரணை செய்வார் யாவர்?

எம் விடுதி நண்பரிருவர் வாதத்துக்கு மிக அணுக்கமான வழக்கொன்று எஞ்சியுளது. அது காந்தியடிகள் கொலை வழக்கு. 1948 ஜனவரி 30-ஆம் நாள் அப்பெருங்கொடுமை நிகழ்ந்தது. தில்லிச் செங்கோட்டையில் நீதிபதி ஆத்மசரணர் முன் நடந்த விசாரணையில் அப்ரூவராக நின்றவன் திகம்பர பட்கே. பூனாவில் ஆயுதக் கடை வைத்திருந்தவன். ஜனவரி 20-ஆம் நாள் பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தபோது நடந்த முதல் முயற்சியில் அவனும் உடனிருந்தான். தொழும் இடத்துக்குப் பின்னுள்ள வேலைக்காரர் அறைக்குட் புகுந்து சுடவேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட பணி. கடைசி நேரத்தில் அவன் மனம் கலங்கிப் பின்வாங்கினான்.

பட்கேயின் சாட்சியம் நெடியது. கோட்ஸே, ஆப்தே இருவரோடும் தான் பம்பாயில் ஸாவர்க்கர் இல்லத்துக்குச் சென்றதாகவும், தான் கீழே நிற்க அவ்விருவரும் மேலே சென்று வந்ததாகவும், ஸாவர்க்கர் அவர்களுடன் இறங்கிவந்து வெற்றியோடு திரும்புமாறு வாழ்த்தியதாகவும் அவன் சொன்னான். பட்கே நேர்மையாகவே விடையளித்தான், மழுப்பவில்லை என்று நீதிபதி எழுதினார். ஆயினும் ஸாவர்க்கரைப் பொறுத்தமட்டில் அவன் சொல்லுக்கு வேறு துணைச்சான்று இன்மையால், அதன்மேல் தண்டனை நிறுவுதல் தகாது என்று 1949 பிப்ரவரி 10-ஆம் நாள் அவரை விடுவித்தார். அத்தீர்ப்புப் பற்றி இன்றுங்கூட வாதிப்போர் உளர். யாம் அதனுட் புகுகின்றோமல்லோம். சாட்சியை நம்பியும் அவன் சொல்லைக் கொண்டு தண்டிக்க மறுத்த அவ்விதியே எம் கண்முன் நிற்பது. அலிப்பூரில் அரவிந்தரை விடுவித்ததற்கும் செங்கோட்டையில் ஸாவர்க்கரை விடுவித்ததற்கும் இடையே நாற்பதாண்டும் ஓர் அரசாட்சி மாற்றமும் உள்ளன. முன்னது அயலார் ஆட்சியில் அவர்தம் பகைவரைக் காத்தது. பின்னது நம்மவர் ஆட்சியில், தேசம் முழுதும் துயரில் ஆழ்ந்திருந்தபோது, அத்துயரின் நிழலில் நின்ற ஒருவரைக் காத்தது. விரும்பத்தகாத ஆளுக்கும் பயன்படாத விதியை விதியென்பது எங்ஙனம்?

பட்கேயோடு அவ்வழக்கில் அகப்பட்ட வேறொருவன் உளன். பலரும் அவனை மறந்துவிடுகின்றனர். அவன் பெயர் சங்கர் கிஸ்தய்யா, பட்கேயின் வேலைக்காரன். எசமானன் சுமக்கச் சொன்னதைச் சுமந்தான். தில்லிக்கு வா என்றபோது வந்தான். ஜனவரி 20-ஆம் நாள் எசமானன் பின்வாங்கியபோது தானும் பின்வாங்கினான். அவனோடே பூனாவுக்குத் திரும்பினான். எசமானனுக்குச் சொல்லுவதற்குச் செய்தி இருந்தது; ஆகவே மன்னிப்புக் கிடைத்தது. வேலைக்காரனுக்கோ, எசமானன் அறிந்ததற்கு மேல் அறிந்தது ஒன்றுமில்லை. ஆகவே அவனிடம் வாங்குதற்கு அரசாங்கத்துக்கு ஒன்றும் இல்லை. பட்கே சாட்சிக் கூண்டினின்றும் விடுதலை பெற்றுச் சென்றான். கிஸ்தய்யாவுக்கு ஆயுட்காலத் தீவாந்தரம் விதிக்கப்பட்டது. அதனைக் குறைக்கலாம் என்று நீதிபதியே பரிந்துரைத்தார்.

எம் நண்பருள் முன்னவர் ‘கூலி’ என்று சொல்லியது இதனையே என்று எண்ணுகின்றோம். மன்னிப்பின் விலை குற்றத்தின் சிறுமையைக் கொண்டு அளக்கப்படுவதில்லை, அறிந்திருப்பதன் பெருமையைக் கொண்டே அளக்கப்படுகின்றது. சதியின் நடுவில் இருந்தவன் விற்பதற்குச் சரக்கு உடையவன். ஓரத்தில் நின்றவன் வெறுங்கையன். பின்னவர் கேட்ட கேள்விக்கும் பட்கேயே விடை. அவன் பேசாதிருந்தால் அச்சதியின் பெரும்பகுதி இருளிலேயே கிடந்திருக்கும்.

கிஸ்தய்யாவின் மேல்முறையீடு சிம்லாவில் அமர்ந்த கிழக்குப் பஞ்சாப் உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் மூவர் முன் வந்தது. அவன் எசமானனின் ஏவலாள் என்பதற்கு மேலாகச் சதியை அறிந்து அதில் உடன்பட்டான் என்று கொள்ள அவர்கள் இசைந்திலர். 1949 ஜூன் மாதத்தில் அவனும் விடுவிக்கப்பட்டான். மன்னிப்புப் பெற்றவனாகவன்று, குற்றமற்றவனாக.